கம்மாயைத் தேடி மானியக் கோரிக்கைக்குள்: அரசின் கவனத்தை அட்டவணை போட்டுப் பின்தொடர ஒரு வழிகாட்டி

மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கும் என் மாமனார் ஒரு பொங்கலுக்குக் கேட்டார். "மாப்பிள்ளை, நீங்க கம்ப்யூட்டர்லயே உக்காந்திருக்கீங்களே, நம்ம கம்மா தூர்வாருறதப் பத்தி எந்தக் காலத்துல அதிகமாப் பேசுனாங்க, எப்ப பேச்சே இல்லாமப் போச்சுன்னு சொல்ல முடியுமா?" கம்மா என்றால் எங்கள் பக்கத்துப் பாசன ஏரி. பத்து நிமிடத்தில் சொல்கிறேன் மாமா என்றேன். எட்டு மாதம் ஆனது. அதில் ஆறு மாதம் நானே போட்ட முடிச்சுகளை அவிழ்க்கவே போயிற்று. அந்த ஆறு மாதத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தவே இதை எழுதுகிறேன்.

நிரல் எழுதத் தெரிய வேண்டாம். எக்செல், லிப்ரே ஆபிஸ், கூகுள் ஷீட்ஸ் ஏதாவது ஒன்றில் வரிசை சேர்க்கவும் வடிகட்டவும் தெரிந்தால் போதும். பொறுமைதான் நிறைய வேண்டும்.

முதலில், இதை ஏற்கெனவே செய்தவர்களைப் பாருங்கள்

அமெரிக்காவில் பிராங்க் பாம்கார்ட்னர், பிரையன் ஜோன்ஸ் என்ற இரண்டு அரசியல் அறிவியலாளர்கள் 1990களின் தொடக்கத்தில் ஒரு வேலையில் இறங்கினார்கள். நாடாளுமன்றக் குழு விசாரணை, அதிபரின் ஆண்டு உரை, சட்டங்கள், நாளிதழ்ச் செய்திகள் எல்லாவற்றையும் இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்திலிருந்து எடுத்து, ஒவ்வொன்றும் எதைப் பற்றியது என்று ஒரே தலைப்புப் பட்டியலின்படி எண் போடுவது. பிறகு பிரிட்டன், டென்மார்க், ஸ்பெயின் என்று பல நாட்டு ஆய்வாளர்களும் அதே பட்டியலைக் கையில் எடுத்தார்கள். இன்று அதற்குப் பெயர் கம்பேரட்டிவ் அஜெண்டாஸ் பிராஜெக்ட்.

அதன் இணையத்தளத்தில் ஒரு அரை மணி நேரம் விளையாடிப் பாருங்கள். நாடு, ஆவண வகை, தலைப்பு மூன்றையும் தேர்ந்தெடுத்தால் வருடவாரியாகக் கோடு வரைந்து காட்டும். சுகாதாரத்துக்கு ஒன்று, எரிசக்திக்கு ஒன்று என்று இரண்டு கோடு போட்டுப் பாருங்கள். அந்த ஆய்வாளர்கள் சொல்லும் முக்கியமான செய்தி கண்ணுக்கே தெரியும்: அரசின் கவனம் சீராக ஏறி இறங்குவதில்லை. பல வருடம் அசையாமல் கிடக்கும், திடீரென்று எகிறும். நமக்கு இது புதிதா என்ன? வைகை அப்படித்தானே ஓடுகிறது, வருடத்தில் பெரும்பகுதி மணல், அப்புறம் ஒரு நாள் தரைப்பாலம் முழுகும். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 ஜனவரியில் போராட்டம் வெடித்த ஒரே வாரத்துக்குள், 23ஆம் தேதி, சட்டமன்றத்தில் திருத்த மசோதா நிறைவேறியது. கோடு எகிறுவது என்றால் அதுதான்.

தரவை சிஎஸ்வி (எந்த அட்டவணை மென்பொருளிலும் திறக்கும் எளிய உரைக்கோப்பு) கோப்பாகத் தரவிறக்கியும் பாருங்கள். ஒரு வரிசைக்கு ஒரு நிகழ்வு, பக்கத்தில் ஒரு தலைப்பு எண், அவ்வளவுதான். இவ்வளவு எளிமையா என்று தோன்றும். எளிமையே அதன் பலம்.

நம் நாட்டுக்கு வருவோம். மக்களவையின் வினா விடைகள் நாடாளுமன்ற இணையத்தளத்தில் தேடக் கிடைக்கின்றன. நட்சத்திரக் குறியிட்ட வினாக்கள் (அமைச்சர் அவையில் வாயால் பதில் சொல்பவை) ஒரு நாளைக்கு 20, குறியிடாதவை (எழுத்தில் மட்டும் பதில்) 230 வரை. அசோகா பல்கலைக்கழகத்தின் திரிவேதி மையம் 1999 முதல் 2019 வரையிலான மக்களவை வினாக்களை ஒரே அட்டவணையாகத் தொகுத்து வைத்திருக்கிறது. மசோதாக்களின் நிலவரத்துக்கு, நாடாளுமன்ற வேலைகளை ஆராயும் பிஆர்எஸ் அமைப்பின் தளம் இருக்கிறது. ஒன்றிய பட்ஜெட் உரைகளை 1947இல் நம் ஆர்.கே. சண்முகம் செட்டியார் வாசித்தது முதல் நிதி அமைச்சகத் தளத்திலேயே படிக்கலாம். (நிர்மலா சீதாராமன் பிறந்தது மதுரையில், ப. சிதம்பரம் நின்றது சிவகங்கையில். ஆனாலும் ‘மதுரை’ என்று போட்டுத் தேடினால் வரிசை கொட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.)

மாநில அரசுக்கு எல்லாம் ஒரே இடத்தில் எண் போட்டுக் கிடைத்தால் சௌகரியம்தான். கம்மாய் மாதிரி விஷயத்துக்கு அட்டவணையை நாமே கட்ட வேண்டியிருக்கிறது. இனி அதற்கான வேலை.

கேள்வியைச் சுருக்குங்கள், ஆவணத்தை ஒன்றாக வையுங்கள்

‘தண்ணீர் பற்றி அரசு என்ன நினைக்கிறது’ என்பது கேள்வி இல்லை, பெருமூச்சு. ‘2001க்குப் பிறகு தமிழ்நாட்டு பட்ஜெட் உரைகளில் சிறுபாசனக் கண்மாய்களுக்கு எத்தனை பத்தி ஒதுக்கப்பட்டது’ என்பது கேள்வி. யார், எந்த ஆவணத்தில், எதைப் பற்றி, எந்த வருடம் முதல். இந்த நான்கும் ஒரு வாக்கியத்தில் அடங்கும்வரை கணினியைத் திறக்காதீர்கள்.

அப்புறம் ஆவணம். ஒரு விதிதான் உண்டு: வருடா வருடம், அதே சபையில், அதே நோக்கத்துக்காக வெளிவரும் ஆவணமாக இருக்க வேண்டும். நம் மாநிலத்தில் அப்படி மூன்று இருக்கின்றன. வருடத்தின் முதல் கூட்டத்தில் ஆளுநர் உரை. அடுத்து பட்ஜெட் உரை. அதற்குப் பிறகு மானியக் கோரிக்கை விவாதத்தின்போது, அதாவது ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குச் சட்டமன்றத்தின் ஒப்புதல் கேட்கும்போது, அந்தத் துறை வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு. அரசாணைகளும் உண்டுதான். ஆனால் அவை எல்லாமே இணையத்தில் ஏறுவதில்லை. ஏறியவற்றை மட்டும் எண்ணினால் அரசின் கவனத்தை அல்ல, பதிவேற்றியவரின் சுறுசுறுப்பை அளந்துகொண்டிருப்பீர்கள்.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வது பட்ஜெட் உரை. பத்திகளுக்கு எண் போட்டிருப்பார்கள், ஒரு பத்தி பெரும்பாலும் ஒரு விஷயம், தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும். கொள்கை விளக்கக் குறிப்பு அதைவிடச் செழிப்பானது, ஆனால் ஒரு துறைக்கே நூறு பக்கம் தாண்டும். முதலில் அதில் கைவைத்தால் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் குழந்தையைத் தொலைத்த கதையாகிவிடும்.

ஆளுநர் உரையில் ஒரு நுணுக்கம். 2023 ஜனவரி 9ஆம் தேதி, அச்சிட்டுக் கொடுத்த உரைக்கும் அவையில் வாசிக்கப்பட்டதற்கும் வித்தியாசம் வந்தது. அச்சிட்ட உரையே அவைக் குறிப்பில் ஏற வேண்டும் என்று அன்றே தீர்மானமும் போட்டார்கள். நீங்கள் எந்த வடிவத்தை எண்ணுகிறீர்கள் என்று முதலிலேயே முடிவெடுத்து எழுதி வையுங்கள். நான் அச்சிட்டதைத்தான் எடுத்தேன், அமைச்சரவை ஒப்புக்கொண்ட சொற்கள் அதில் இருப்பதால்.

பழைய குறிப்புகள் இணையத்தில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுப் போடலாம், முப்பது நாளில் பதில் வர வேண்டும். மனுவில் ‘எல்லா வருடமும்’ என்று கேட்காமல் குறிப்பிட்ட மூன்று வருடம் கேளுங்கள். கிடைக்க வாய்ப்பு அதிகம். பெரிய நூலகங்களில் அச்சுப் பிரதி இருக்கலாம். அரசு வெளியீடுகள் பிரிவு எது என்று நூலகரிடமே கேளுங்கள், அலமாரிப் பட்டியலை நம்பி அலையாதீர்கள். நான் பாதி வேலையைப் புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்துதான் செய்தேன். ஏசியும் மேசையும் இருக்கின்றன. மடிக்கணினிக்கு வேறென்ன வேண்டும்?

தலைப்புப் பட்டியல்

இதுதான் முழு வேலைக்கும் கடைக்கால். ஏன் துறையின் பெயரையே தலைப்பாக வைக்கக் கூடாது என்று நானும் நினைத்தேன். வைத்தேன், மாட்டிக்கொண்டேன். 2021 மே வரை பாசனம் பொதுப்பணித் துறைக்குள் இருந்தது. அதற்குப் பிறகு நீர்வளத் துறை தனியாகப் பிரிந்தது. துறையை வைத்து எண்ணினால் 2020 வரை நீர்வளம் பூச்சியம், 2021இல் திடீர் வெள்ளம். ஒன்றிய அரசில் 2019இல் ஜல் சக்தி அமைச்சகம் வந்தது. 2020இல் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் கல்வி அமைச்சகம் என்று பெயர் மாறியது. பலகை மாறுவதெல்லாம் கவனம் மாறியதாகக் கணக்கில் ஏறக் கூடாது. அதனால் துறை எதுவானாலும் மாறாத ஒரு பட்டியல் வேண்டும்.

அந்த அமெரிக்கத் திட்டத்தின் பட்டியலில் 21 பெருந்தலைப்புகள், அவற்றுக்குக் கீழே இருநூறுக்கு மேல் உட்தலைப்புகள். 3 சுகாதாரம், 4 வேளாண்மை, 6 கல்வி, 7 சுற்றுச்சூழல், 8 எரிசக்தி, 10 போக்குவரத்து, 21 பொது நிலமும் நீர்வளமும், 23 பண்பாடு. நடுவில் 11ம் 22ம் இருக்காது. பதற வேண்டாம், பட்டியலே அப்படித்தான். நீங்களும் இதே எண்களை வைத்துக்கொண்டால் பின்னால் வேறு நாட்டோடு ஒப்பிடலாம்.

ஆனால் நம் ஊர் விஷயங்களை அந்தப் பெட்டிகளில் அடைக்கும்போது இடிக்கும். அங்கே குடிநீர் சுற்றுச்சூழலுக்குக் கீழே வருகிறது, அணையும் நீர்த்தேக்கமும் 21க்குக் கீழே. வைகை அணையில் திறக்கும் தண்ணீர் மதுரைக்குக் குடிக்கவும் போகிறது, கள்ளந்திரி வரைக்கும் இருபோகத்துக்கும், மேலூருக்கு ஒருபோகத்துக்கும் போகிறது. ஒரே மதகு, இரண்டு எண். மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியை எடுங்கள். 2022இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். 2024 நவம்பரில் அந்தப் பக்கத்து நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் வெளியே வந்தது. டிசம்பர் 9ஆம் தேதி சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்தத் தீர்மானம் சுரங்கமா, சுற்றுச்சூழலா, விவசாயமா, மத்திய மாநில உறவா?

இதற்கு அந்தத் திட்டத்தாரின் விதி கறாரானது: ஒரு வரிசைக்கு ஒரே எண். இரண்டு எண் போட அனுமதித்தால் கூட்டல் நூறைத் தாண்டும், கணக்கு குழம்பும். அரசு அந்த வாக்கியத்தில் என்ன செய்யச் சொல்கிறது என்று பாருங்கள், அதற்கு எண் போடுங்கள். தீர்மானம் சுரங்க உரிமத்தை ரத்து செய்யச் சொல்கிறது. ஆகவே சுரங்கம் சேரும் 21தான். மனசு கேட்காது. கேட்காவிட்டால் ‘குறிச்சொல்’ என்று தனியாக ஒரு நெடுவரிசை போட்டு, பல்லுயிர், மேலூர், மாநில உரிமை என்று எத்தனை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். எண் கூட்டலுக்கு, குறிச்சொல் தேடலுக்கு.

எடுத்த முடிவுகளை ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். நிஜமான காகித நோட்டு. ‘ஏறுதழுவுதல் அரங்கம் – பண்பாடு, 23. கால்நடைத் துறை கட்டினாலும் இதேதான்.’ இப்படி. எனக்கு அந்த நோட்டு இல்லாததால் குடிமராமத்தை முதல் நூறு வரிசையில் 4 என்றும் அடுத்த முந்நூறு வரிசையில் 21 என்றும் போட்டிருந்தேன். வரைபடத்தில் வேளாண்மை சரிந்து நீர்வளம் ஏறியது. ‘பாருங்கள், கொள்கை மாற்றம்’ என்று நண்பர்கள் நாலு பேரிடம் சொல்லியும் விட்டேன். மாறியது கொள்கை இல்லை, என் மூளை.

அட்டவணை

நெடுவரிசைகள் இவை போதும்: வரிசை எண், தேதி, ஆவண வகை, பத்தி எண், பத்தியின் உரை, தலைப்பு எண், குறிச்சொல், ஊர், கோப்பின் பெயர், எண் போட்டவர், ஐயம். கடைசி நெடுவரிசையை யாரும் போடுவதில்லை, நீங்கள் போடுங்கள். குழப்பமான வரிசைகளில் ‘ஆம்’ என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். ஒவ்வொன்றுக்கும் நின்று யோசித்தால் தை பிறந்தாலும் முடியாது.

தேதியை 2019-01-27 என்ற வடிவில் எழுதுங்கள். 03/04/2019 என்றால் சில கணினி ஏப்ரல் 3 என்று படிக்கும், சில மார்ச் 4 என்று படிக்கும். தலைப்பைச் சொல்லாக அல்லாமல் எண்ணாகவே தட்டுங்கள். சொல்லாகத் தட்டியபோது சுகாதாரம், சுகாதாரம் (பின்னால் ஒரு இடைவெளி), மருத்துவம் என்று ஒன்றே மூன்றாகப் பிரிந்து நின்றது. சிஎஸ்வி கோப்பை எக்செலில் இரட்டைச் சொடுக்கினால் தமிழ் பூச்சி பூச்சியாக வரும். ‘டேட்டா’ பகுதிக்குப் போய் உரைக்கோப்பிலிருந்து இறக்குமதி செய்து, யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள், சரியாகிவிடும். வரிசைகள் சில ஆயிரத்தைத் தாண்டினால் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருள் பக்கம் போகலாம். அதற்கு முன்னால் வேண்டாம்.

சொல்லைத் தேடும் வேலை

இங்கேதான் தமிழ் தெரிந்தவருக்கு அனுகூலமும் உண்டு, அவஸ்தையும் உண்டு.

மாமனார் ‘கம்மா’ என்றார். எழுத்தில் அது கண்மாய். ஆனால் சென்னையில் உட்கார்ந்து எழுதப்படும் உரையில் அது பெரும்பாலும் ஏரி, சில இடத்தில் குளம், சில இடத்தில் நீர்நிலை, ஆங்கிலப் பிரதியில் டேங்க். ‘கண்மாய்’ என்று மட்டும் தேடினால் மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பெயரோடு வரும் சில வரிகள்தான் அகப்படும். மாநிலம் முழுக்க ஏரிகளைச் செப்பனிடும் திட்டம் நம் கம்மாயையும் சேர்த்துத்தான். அது தப்பிப்போகும். ஊருணி, வரத்துக்கால்வாய், மடை, கலுங்கு (மிச்சத் தண்ணீர் வெளியேறும் வழி), ஆயக்கட்டு (கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம்), தூர்வாருதல், குடிமராமத்து, ஆக்கிரமிப்பு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சொல் பட்டியல் தயாரியுங்கள். ஊரில் பெரியவர்களிடம் கேட்டுத் தயாரித்தால் இன்னும் நல்லது. என் பட்டியலில் ‘கலுங்கு’ மாமனார் சேர்த்தது.

இன்னொன்று, கண்மாய் ஒரே துறையின் சொத்து அல்ல. ஆயக்கட்டு நூறு ஏக்கருக்கு மேற்பட்டது நீர்வளத் துறையின் கையில், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தின் கையில். ஆக, சின்னக் கண்மாய் ஊரக வளர்ச்சித் துறையின் குறிப்பில் ஒளிந்திருக்கும். நூறு நாள் வேலையில் தூர்வாரினால் அதுவும் அங்கேதான். பட்டா, ஆக்கிரமிப்பு என்றால் வருவாய்த் துறை. மூன்று குறிப்பையும் புரட்டாமல் ‘அரசு பேசவே இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள்.

இப்போது கணினிக்குத் தமிழ் எப்படித் தெரிகிறது என்று பார்க்கலாம். ‘கண்மாய்’ என்று புள்ளி வைத்துத் தேடினால் ‘கண்மாயில்’, ‘கண்மாயை’ கிடைக்காது. ஒருங்குறியில் (யூனிகோடு) புள்ளியும் ஒரு தனிக் குறி, ‘யி’யில் அது இல்லை. கடைசிப் புள்ளியை விட்டுவிட்டு ‘கண்மாய’ என்று தேடுங்கள், எல்லாம் விழும். குளத்துக்கு ‘குள’ என்று போட்டால் குளம், குளத்தில், குளங்கள் மூன்றும் வரும். கூடவே குளிர்பதனக் கிடங்கும் குளறுபடியும் வரும். அவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் கழிக்க வேண்டும்.

பழைய பிடிஎஃப் என்றால் இன்னொரு தலைவலி. 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும், டேஸ் 16 என்ற தமிழ்க் குறியேற்றத்தையும் தரமாக அறிவிக்கும்வரை அலுவலகங்களில் வானவில் போன்ற எழுத்துருக்களில்தான் தட்டினார்கள். அதற்கப்புறமும் பழக்கம் உடனே போய்விடவில்லை. திரையில் நல்ல தமிழாகத் தெரியும். நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாக உதிரும். எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டுப் பாருங்கள். படமாகப் பிடித்த பக்கம் என்றால் டெசராக்ட் போன்ற எழுத்துணரி தமிழைப் படிக்கும். ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ‘ணை’யும் ‘லை’யும் துதிக்கை போட்டு நிற்கும், அங்கே அது தடுமாறும். ‘அணை’ என்ற சொல்லே காணாமல் போகும். அந்த வருடங்களுக்கு நான் எழுத்துணரியை நம்பாமல் படித்துத் தட்டினேன்.

ஆங்கில ஆவணத்திலும் எழுத்துக்கூட்டல் விளையாடும். முல்லைப் பெரியாறு மலையாள ஒலிப்பில் ‘முல்லப்பெரியார்’ என்றும், நம் ஒலிப்பில் ‘முல்லைப்பெரியார்’ என்றும் இருக்கும். ‘பெரியார்’ என்ற பகுதியை மட்டும் தேடினால் இரண்டும் கிடைக்கும், தந்தை பெரியாரும் கூட வருவார்.

எண்ணுவது

எண் போட்டு முடித்தவுடனே வரைபடம் வரைய விரல் துடிக்கும். ஒரு நாள் பொறுங்கள். ஐம்பது பத்தியை எழுந்தமானமாக எடுத்து, உங்கள் எண்களை மறைத்து, வேறொருவரிடம் கொடுத்து எண் போடச் சொல்லுங்கள். நாற்பதுக்குக் கீழே ஒத்துப்போனால் பட்டியலில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். எந்த எண்ணில் அடிக்கடி மாறுகிறதோ அதற்கு விதியைத் திருத்தி எழுதுங்கள். என் மனைவிதான் எனக்கு இதைச் செய்தாள். ‘சத்துணவு கல்வியா, சமூக நலமா?’ என்று ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை. அவள் பக்கம்தான் நியாயம் இருந்தது, சமூக நலம்.

எண்ணிக்கையை அப்படியே வரையாதீர்கள், சதவீதமாக்குங்கள். உரையின் நீளம் வருடத்துக்கு வருடம் மாறும். ஒன்றிய பட்ஜெட்டில் 1977இன் இடைக்கால உரை ஏறத்தாழ 800 சொற்கள், 1991இல் மன்மோகன் சிங் வாசித்தது 18,000க்கும் மேல். எடுத்துக்காட்டாக, 120 பத்தி உள்ள உரையில் 6 பத்தி பாசனம் என்றால் 5 சதவீதம். 300 பத்தியில் 9 என்றால் 3 சதவீதம்தான். எண்ணிக்கை ஏறியிருக்கிறது, பங்கு இறங்கியிருக்கிறது. பிவட் டேபிளில் (அட்டவணையைத் தானே எண்ணித் தொகுத்துக் காட்டும் வசதி) வருடத்தை இடப்பக்கமும் தலைப்பு எண்ணை மேலேயும் வைத்து, மதிப்பை ‘வரிசை மொத்தத்தில் சதவீதம்’ என்று மாற்றினால் ஒரே சொடுக்கில் முடியும்.

சரி, கோடு வந்துவிட்டது. அது ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் காரணம் தேடுவதற்கு முன்னால், நான் விழுந்த குழிகளைச் சொல்லிவிடுகிறேன்.

2021இல் இரண்டு பட்ஜெட். பிப்ரவரியில் இடைக்காலம், ஆகஸ்ட் 13இல் புதிய அரசின் திருத்திய பட்ஜெட். 2011, 2016 தேர்தல் வருடங்களிலும் இப்படித்தான். இரண்டையும் ஒரே வருடத்தில் கொட்டாதீர்கள், ஆவண வகையில் ‘இடைக்காலம்’ என்று பிரித்து வையுங்கள். அதே 2021 ஆகஸ்டில் இன்னொன்றும் நடந்தது. வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை 14ஆம் தேதி வந்தது. அன்றிலிருந்து விவசாயப் பத்திகள் பெரிய உரையிலிருந்து எழுந்து அங்கே குடிபோய்விட்டன. பெரிய உரையை மட்டும் எண்ணியவருக்கு, விவசாயத்துக்கென்றே தனியாக ஒரு உரை வாசித்த வருடத்தில் விவசாயம் பாதாளத்துக்குப் போனதாகத் தெரியும். இரண்டு உரையையும் சேர்த்து மொத்தம் போட்டு, அதற்குச் சதவீதம் எடுங்கள். நான் இந்தக் குழியில் விழுந்தது இரண்டாம் முறை மாமனாரிடம் காட்டப்போனபோது. "அந்த வருசம்தான் எங்களுக்குன்னு தனி பட்ஜெட் போட்டாங்க மாப்பிள்ளை, டிவில பாத்தமே" என்றார். மடிக்கணினியை மூடினேன்.

2020 செப்டம்பர் நாடாளுமன்றக் கூட்டத்தில் கொரோனாவால் கேள்வி நேரம் இல்லை, எழுத்துப்பூர்வ விடைகள் மட்டும். குளிர்காலக் கூட்டமே நடக்கவில்லை. அங்கே கோடு விழுந்தால் அது ஆர்வக் குறைவு அல்ல.

பிறகு, ஊர்ப்பெயர். இது மதுரைக்காரர்களுக்கென்றே வைத்த குழி. 1985க்கு முன்னால் திண்டுக்கல் மதுரை மாவட்டத்துக்குள். தேனி தனி மாவட்டமானது 1990களின் பிற்பகுதியில்தான். அதாவது 1975இன் ஆவணத்தில் ‘மதுரை மாவட்டம்’ என்றால் பெரியகுளமும் கம்பமும் வைகை அணையும் பழனியும் அதற்குள். பின்னால் ‘மதுரை’ என்று வரும் வரிகள் குறைந்தால் மதுரையை மறந்துவிட்டார்கள் என்று கோபப்படாதீர்கள், மாவட்டம் சுருங்கிவிட்டது. போக்குவரத்து தேடுகிறவர்கள் 1997 வரை ‘பாண்டியன் போக்குவரத்துக் கழகம்’ என்றும் சேர்த்துத் தேட வேண்டும். 1969 ஜனவரிக்கு முந்தைய ஒன்றிய ஆவணத்தில் தமிழ்நாடே இருக்காது, மெட்ராஸ்தான். அதனால்தான் ‘ஊர்’ நெடுவரிசையில் மாவட்டத்தை அல்ல, வட்டத்தின் பெயரை எழுதச் சொல்வேன். வட்டமும் பிரியும், ஆனால் மாவட்டம் அளவுக்குக் குழப்பாது.

ஒரு முழு உதாரணம்: தோப்பூர் எய்ம்ஸ்

பழகிப் பார்க்கச் சின்னதாக ஒன்று வேண்டுமென்றால் இதைவிடப் பொருத்தமானது நம் ஊரில் இல்லை. எல்லாருக்கும் தெரிந்த கதை, வரிசைகள் குறைவு, எல்லாமே 3ஆம் எண்.

2015 பிப்ரவரி 28, ஒன்றிய பட்ஜெட் உரை, தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ். ஊர் நெடுவரிசை காலி, அந்த உரையில் மதுரை கிடையாது. ‘மதுரை’ என்று தேடியவருக்கு இந்த முதல் வரிசையே கிடைக்காது என்பதைக் கவனியுங்கள். 2018 ஜூன், மதுரை அருகே உள்ள தோப்பூர் தேர்வானதாக அறிவிப்பு. 2018 டிசம்பர் 17, அமைச்சரவை ஒப்புதல், 1,264 கோடி ரூபாய். 2019 ஜனவரி 27, அடிக்கல். 2021 மார்ச், ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்தோடு கடன் ஒப்பந்தம். இதற்கு 3 போடுவதா, வெளிநாட்டு உறவு என்று 19 போடுவதா என்று கை தயங்கும், பணம் எதற்கு என்று பார்த்து 3 போடுங்கள். 2022இல் முதல் ஐம்பது மாணவர்களின் வகுப்பு இராமநாதபுரத்தில். 2024இல் தோப்பூரில் கட்டுமானம்.

இந்த வரிசைகள் பட்ஜெட் உரை, அமைச்சரவை முடிவு, கள நிகழ்வு என்று வெவ்வேறு ஆவண வகையைச் சேர்ந்தவை. பட்ஜெட் உரையை மட்டும் பார்த்தவருக்கு 2015இல் ஒரு புள்ளி, அதோடு சரி. இப்போது மக்களவை வினாக்களுக்குப் போங்கள். ‘மதுரை எய்ம்ஸ்’ என்று தலைப்பில் மட்டும் தேடாதீர்கள். பல வினாக்கள் ‘புதிய எய்ம்ஸ்கள்’ என்றோ, அவை கட்டப்படும் திட்டத்தின் பெயரான பிரதம மந்திரி ஸ்வாஸ்திய சுரக்ஷா யோஜனா என்றோதான் தலைப்பிட்டிருக்கும், மதுரை விடையின் இணைப்புப் பட்டியலில் ஒரு வரியாக இருக்கும். விடை உரைக்குள் தேடுங்கள். ஒவ்வொரு விடையிலும் ‘மதிப்பீடு’, ‘முடியும் காலம்’ என்று இரண்டு நெடுவரிசை கூடுதலாகச் சேர்த்து, சொல்லப்பட்டதை அப்படியே எழுதிக்கொண்டே வாருங்கள். நான்கைந்து வரிசை சேர்ந்ததும் அட்டவணையே பேசும், நீங்கள் கருத்துச் சொல்லவே வேண்டியிருக்காது. 1,264 கோடி பின்னால் 1,977 கோடியைத் தாண்டுவதும் அந்த நெடுவரிசையில் தானாகத் தெரியும்.

இங்கே நான் ஒரு பிடிவாதம் வைத்திருக்கிறேன். அறிவிப்பையும் நிகழ்வையும் ஒரே கோட்டில் வரையவே கூடாது. ‘கட்டப்படும்’ ஒரு வகை, ‘கட்டப்பட்டது’ வேறு வகை. கொள்கை விளக்கக் குறிப்பில் இரண்டும் ஒரே பத்தியில் கைகோர்த்து வரும், வினைமுற்றைப் பார்த்துப் பிரியுங்கள். ‘நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’ என்று ஒன்று வரும் பாருங்கள், அதற்கு நான் தனியாக ஒரு குறிச்சொல்லே வைத்திருக்கிறேன்.

கம்மாய்க் கணக்கை ஒருவழியாக முடித்து, போன ஆவணியில் மாமனாரிடம் அச்செடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே வரை படித்தார். "பேசுனது பூராம் இருக்கு. மடை தொறந்த தேதி எங்க மாப்பிள்ளை?" என்றார். பெரியாறு பிரதானக் கால்வாயில் மேலூருக்குத் தண்ணீர் விடும் நாளைச் செய்திக்குறிப்பாக வெளியிடுகிறார்கள், வருடம், தேதி, எத்தனை நாளுக்கு என்ற விவரத்தோடு. அதற்குத் தனியாக இரண்டாவது அட்டவணை ஆரம்பித்திருக்கிறேன். முதல் அட்டவணையோடு தேதி வடிவம் ஒத்துப்போக வேண்டும் என்பதால், அவர் வீட்டுக் காலண்டர்களில் பென்சிலால் குறித்து வைத்த பழைய வருடங்களை முதலில் ஆங்கிலத் தேதிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன்.